டைப்பிங் கடைக்கு எந்த லினக்ஸ்?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் தருவதை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. பதிவு செய்துகொண்ட வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை தவணை உண்டு. சரி, விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் பிராசசர் எட்டாம் தலைமுறைக்குக் குறையக் கூடாது. உத்திரமேரூர் மாதிரி ஊரில், ஒரு ஜெராக்ஸ் கடையிலோ டைப்பிங் சென்டரிலோ பத்து வருடமாக உழைக்கிற டெஸ்க்டாப் இந்தத் தேர்வில் தேறாது.

சர்வீஸ் செய்பவரிடம் கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்தான் வரும். ஒன்று, "புதுசா வாங்கிடுங்க சார்." இன்னொன்று, "ஐந்நூறு ரூபாய் கொடுங்க, லெவன் ஏத்தித் தர்றேன்." இரண்டாவதில்தான் ஆபத்து.

அந்த விலைக்கு ஏற்றப்படுவது அநேகமாகக் கிராக் செய்த பிரதி. பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 63பி பிரிவுப்படி, திருட்டுப் பிரதி என்று தெரிந்தே ஒரு மென்பொருளைக் கணினியில் பயன்படுத்தினால் குறைந்தது 7 நாள், அதிகபட்சம் 3 வருடம் சிறை. 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். லாபத்துக்காகவோ தொழிலிலோ பயன்படுத்தவில்லை என்றால் நீதிமன்றம் சிறையை விட்டுவிட்டு, 50,000 ரூபாய்க்குள் அபராதத்தோடு முடிக்கலாம். காசு வாங்கி டைப் அடித்துக் கொடுக்கிற கடைக்கு அந்தச் சலுகை கிடையாது.

சட்டத்தைவிடப் பெரிய கவலை வேறு. கிராக் ஏற்றும்போது "ஆன்ட்டிவைரஸை நிறுத்து" என்று கேட்கும். நிறுத்தியபின் உள்ளே என்ன வந்து உட்கார்ந்தது என்று யாருக்கும் தெரியாது. வாடிக்கையாளரின் ஆதார், பான், பாஸ்புக் நகல் எல்லாம் கிடக்கிற கணினி அது. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கும் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு, ஊர்ச்சபை வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரை மட்டுமல்ல, அவருடைய உறவினரையும் சேர்த்தே தேர்தலிலிருந்து தள்ளிவைக்கிறது. கிராக் எழுதியவன் எந்தக் காலத்திலும் யாருக்கும் கணக்குக் காட்டுவதில்லை.

அப்டேட் இல்லாமல் ஓட்டுவதும் தீர்வல்ல. 2017 மே மாதம் வான்னாக்ரை வைரஸ் உலகத்தைச் சுற்றியபோது, கேரளத்தில் வயநாடு, பத்தனம்திட்டா மாவட்டங்களின் ஊராட்சி அலுவலகக் கணினிகளும் மாட்டின. அந்த வைரஸ் நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் அதற்கு இரண்டு மாதம் முன்பே வந்திருந்தது.

மூன்றாவது வழி, விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ். தமிழ்நாட்டுக்கு இது புதிதும் அல்ல. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007-இல் வந்தது. 2011-இல் தொடங்கிய அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் கொடுத்த கணினிகளில் விண்டோஸோடு அதுவும் இருந்தது. எத்தனை மாணவர்கள் அதைத் திறந்து பார்த்தார்கள் என்பது தனிக்கதை. 2014-இல் விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு நின்றபோதும், துறைகள் பாஸுக்கு மாறலாம் என்று அரசு சொன்னது.

ஆனால் இன்று முதல்முறை மாறுகிறவருக்கு நான் பாஸைச் சொல்ல மாட்டேன். சிக்கல் வந்தால் கேட்பதற்கு ஆள் அதிகம் இருப்பது லினக்ஸ் மிண்ட்டுக்கு. திரை அமைப்பு விண்டோஸ் பழகிய கைக்கு ஒத்துவரும். ஸ்டார்ட் மெனு மாதிரி ஒன்று கீழே இடப்பக்கம் இருக்கும். இப்போதைய 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. குறைந்தது 2 ஜிபி ராம், வசதியாக ஓட 4 ஜிபி. ராம் குறைவென்றால் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு, மற்றபடி சினமன். எட்டு ஜிபி இருந்தால் உபுண்டுவும் நல்லதுதான். யூடியூபில் ஹேக்கர் வீடியோ பார்த்துவிட்டு "காலி லினக்ஸ் போடுங்க" என்று தம்பி யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். அது பாதுகாப்புச் சோதனை செய்பவர்களின் கருவி, ரேஷன் கார்டு விண்ணப்பம் நிரப்ப அல்ல.

உண்மையில் எந்த லினக்ஸ் என்பது இரண்டாவது கேள்வி. உங்கள் கடையில் என்னென்ன செருகியிருக்கிறது என்பதே முதல் கேள்வி. கேனன் எல்பிபி 2900 பிரிண்டர் லினக்ஸில் படுத்தும். ஹெச்பி 1020 ஓடும், ஆனால் ஹெச்பிலிப் என்ற டிரைவர் மென்பொருளின் கூடுதல் பிளகினை ஒருமுறை இறக்கிக்கொள்ள வேண்டும். ஆதார் கைரேகைக் கருவிகளுக்கான மென்பொருளைத் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் விண்டோஸுக்கும் ஆண்ட்ராய்டுக்கும்தான் கொடுக்கிறார்கள். டேலி லினக்ஸில் நேரடியாக ஓடாது. இவற்றை நம்பித்தான் பிழைப்பு என்றால் அந்த ஒரு கணினியில் மட்டும் காசு கொடுத்து முறையான விண்டோஸ் வைத்துக்கொண்டு, மற்றவற்றை மாற்றுங்கள். தமிழ்99 விசைப்பலகை ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள் வழியாக வேலை செய்யும். பழைய வானவில் எழுத்துருக் கோப்புகளையும், எழுத்துருவை நகலெடுத்துப் போட்டால் லிப்ரே ஆபீஸ் திறக்கும்.

இதையெல்லாம் அழிக்காமலே சோதிக்கலாம். 8 ஜிபி பென்டிரைவில் மிண்ட்டை எழுதி, அதிலிருந்தே கணினியை பூட் செய்யுங்கள். ஹார்டு டிஸ்க்கைத் தொடாமல் முழு லினக்ஸும் ஓடும். பிரிண்ட் எடுத்துப் பாருங்கள், ஸ்கேன் செய்யுங்கள், வைஃபையும் சத்தமும் வருகிறதா என்று பாருங்கள். ஒரு வாரம் இப்படி ஓட்டியபின் முடிவெடுத்தாலும் தப்பில்லை. நிறுவும்போது "டிஸ்க்கை அழி" என்ற தேர்வு எல்லாவற்றையும் துடைத்துவிடும். அதற்கு முன் கோப்புகள் வேறொரு டிஸ்க்கில் நகலாகியிருக்க வேண்டும்.

மிண்ட்டை டவுன்லோடு செய்யும் இடத்திலும் கவனம் வேண்டும். 2016 பிப்ரவரி 20 அன்று மிண்ட்டின் இணையதளமே ஊடுருவப்பட்டு, டவுன்லோடு இணைப்பு பின்கதவு வைத்த போலிப் பிரதிக்குத் திருப்பிவிடப்பட்டது. அதிகாரபூர்வத் தளத்தில் இறக்கினாலும் கோப்பின் எஸ்ஹெச்ஏ256 சரிபார்ப்பு எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள். முறையை மிண்ட் தளமே படிப்படியாகச் சொல்கிறது. மிண்ட்டுக்கு லைசன்ஸ் கட்டணம் கிடையாது. கடையில் எத்தனை கணினியில் வேண்டுமானாலும் போடலாம், பக்கத்துக் கடைக்கும் நகல் கொடுக்கலாம்.

புதுக் கணினியே வாங்குகிறீர்கள் என்றால், விண்டோஸ் சேர்ந்த விலையா இல்லையா என்பதை பில்லில் எழுதச் சொல்லுங்கள். லைசன்ஸ் உள்ளது என்று விற்றுவிட்டுக் கிராக் கொடுத்திருந்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமில்லை, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். "கடைக்கு வாங்கினது, நுகர்வோர் ஆக மாட்டீங்க" என்று யாராவது மிரட்டலாம். சொந்தப் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவர் வாங்கிய பொருளுக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் கொடுக்கிறது. அந்தக் கிராக்கால் வங்கிக் கணக்கிலிருந்து பணமே போயிருந்தால் பில்லைத் தேடிக்கொண்டிருக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

நிறுவும் நாளில் கை நடுங்கினால் காஞ்சி லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. இணையவழியில் கூடுகிறார்கள், தமிழிலேயே கேட்கலாம். 2012 முதல் வரும் கணியம் மின்னிதழில் லினக்ஸ் பாடங்கள் தமிழில் இலவசமாகக் கிடைக்கின்றன. கேட்பதற்கு முன் கணினியின் மாடல், ராம் அளவு, பிரிண்டர் பெயர் மூன்றையும் ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.