முழு உடல் பரிசோதனையும் ஒரு குடும்ப டாக்டரும்

முழு உடல் பரிசோதனைக்கு இப்போது தள்ளுபடி விலை வந்துவிட்டது. மகளிர் தினத்துக்கு ஒரு பேக்கேஜ், பெற்றோரின் மணநாளுக்குப் பரிசாகக் கொடுக்க ஒரு பேக்கேஜ். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்து, ஸ்கேனுக்காகத் தண்ணீர் குடித்துக் காத்திருந்து, மருத்துவமனை தரும் இட்லி பொங்கலைச் சாப்பிட்டுவிட்டுக் கனத்த ஃபைலோடு வீடு திரும்பினால், அடுத்த ஒரு வருடத்துக்கு உடம்பைப் பற்றிய கவலை தீர்ந்தது என்று தோன்றுகிறது. வருமுன் காப்பது என்றால் இதுதான் என்று படித்த நடுத்தர வர்க்கம் நம்புகிறது. நம்பிக்கைக்கு ஆதாரம்தான் போதவில்லை. நம்மைத் தெரிந்த ஒரு பொது மருத்துவர், நாம் வேறு எதற்கோ போகும்போது பிரஷரைப் பார்த்து, அதன் பிறகு வருடக்கணக்கில் நம்மை விடாமல் துரத்துவதில்தான் நோய்த் தடுப்பின் பெரும்பகுதி நடக்கிறது. விளம்பரத்தில் சொல்ல முடியாத அளவுக்குச் சாதாரணமான வேலை இது.

டென்மார்க்கில் பரிசோதனை முகாம்களின் பலனைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். கோபன்ஹேகன் வட்டாரத்தில் 30 முதல் 60 வயதுவரை உள்ள 59,616 பேரின் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் சுமார் 11,600 பேரை மட்டும் பரிசோதனைக்கு அழைத்தார்கள். இதயநோய் ஆபத்து யாருக்கு அதிகம் என்று பார்த்து, அவர்களை ஐந்து வருடத்துக்குள் திரும்பத் திரும்பக் கூப்பிட்டு, உணவு, உடற்பயிற்சி, புகைப்பழக்கம் பற்றி ஆலோசனை சொன்னார்கள். மற்றவர்களைக் கூப்பிடவே இல்லை. பத்து வருடம் கழித்துப் பார்த்தால் இதயநோயிலோ பக்கவாதத்திலோ இறப்பிலோ இரண்டு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை. இந்த முடிவு 2014-ல் வெளியானது. இதுபோன்ற 17 ஆய்வுகளை, ஏறக்குறைய இரண்டரை லட்சம் பேரின் விவரங்களோடு, 2019-ல் ஒன்றாக வைத்து அலசிய காக்ரன் அமைப்பும் ஏறத்தாழ இதையே சொன்னது. பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே என்று கேட்கலாம். தென் கொரியாவில் புற்றுநோய்ப் பரிசோதனைக்குப் போனவர்கள், சிறு தொகை சேர்த்துக் கொடுத்துக் கழுத்துக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துக்கொண்டார்கள். 1993-ஐ விட 2011-ல் தைராய்டு புற்றுநோய் என்று கண்டறியப்பட்டவர்களின் விகிதம் 15 மடங்கு. அந்த நோயால் இறந்தவர்களின் விகிதமோ இருந்த இடத்திலேயே இருந்தது. ஆயுளுக்கும் தொல்லை தராமல் கிடந்திருக்கக்கூடிய கட்டிக்காக எத்தனையோ பேர் தைராய்டு சுரப்பியை இழந்து, தினமும் ஹார்மோன் மாத்திரை போடுபவர்களாக ஆனார்கள்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். பேக்கேஜிலும் பிரஷர் பார்க்கிறார்கள், கிளினிக்கிலும் பார்க்கிறார்கள். ஒன்று வீண், மற்றது பலன் என்றால் எப்படி? பார்ப்பதில் வித்தியாசம் இல்லை, பார்த்த பிறகு நடப்பதில்தான் இருக்கிறது. இதற்கு வேல்ஸ் நாட்டின் கிளின்கோருக் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரைத்தான் உதாரணமாகச் சொல்வேன். சுமார் இரண்டாயிரம் பேர் வாழ்ந்த அந்த ஏழை ஊருக்கு 1961-ல் டாக்டராக வந்தவர் ஜூலியன் டியூடர் ஹார்ட். அதற்கு முன் அவர் வேலை பார்த்தது ஆர்ச்சி காக்ரனிடம். மேலே சொன்ன அமைப்புக்குப் பெயர் தந்தவர் அந்தக் காக்ரன்தான். 1968-லிருந்து டியூடர் ஹார்ட் ஊரில் உள்ள பெரியவர்கள் எல்லோருக்கும் பிரஷர் பார்க்கத் தொடங்கினார். அதற்கென்று முகாம் எதுவும் போடவில்லை. இருமலுக்கோ முதுகுவலிக்கோ யார் வந்தாலும், அவர்களுடைய அட்டையில் பிரஷர் எழுதப்படவில்லை என்றால் அன்றைக்கே பட்டையைக் கட்டிப் பார்த்தார். கிளினிக் பக்கமே வராத சிலரைத் தேடிப் போனார். அதிகம் இருந்தவர்களின் பெயர்களைத் தனியே குறித்து, தவணைக்கு வராதவர்களைக் கூப்பிட்டு அனுப்பி, வருடா வருடம் கணக்கெடுத்தார். கால் நூற்றாண்டுக்குப் பின் பார்த்தால், அதே மாதிரியான பக்கத்து ஊரைவிட இங்கே அகால மரணம் சுமார் 28 விழுக்காடு குறைவு. ஒரே ஒரு ஊரின் கணக்கு இது, குலுக்கல் முறை ஆய்வு அல்ல. ஆகவே 28 என்ற எண்ணை அப்படியே எல்லா ஊருக்கும் பொருத்த முடியாது. ஆனால் வேலையும் வருமானமும் குறைந்துகொண்டே போன ஊரில் இது நடந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. நல்ல மருத்துவம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் அது குறைவாகக் கிடைக்கிறது என்று 1971-ல் 'லான்செட்' இதழில் எழுதியவரும் இவரே.

இத்தனை நோய்கள் இருக்க, பிரஷரை மட்டும் ஏன் இப்படிப் பிடித்துக்கொள்ள வேண்டும்? மாரடைப்பு, பக்கவாதம், சிறுநீரகக் கோளாறு மூன்றுக்கும் பொதுவான காரணம் அது. பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் காட்டாது. குறைப்பதற்கு விலை மலிந்த மாத்திரை இருக்கிறது. ஆனால் குறைத்தால் நல்லது என்பதையே மருத்துவர்கள் நீண்ட காலம் ஏற்கவில்லை. வயதுக்கேற்ப ஏறத்தான் செய்யும், அதை இறக்கப் போனால்தான் ஆபத்து என்று 1930-களில் பேராசிரியர்களே எழுதினார்கள். அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 1945 ஏப்ரலில் மூளையில் ரத்தம் கசிந்து இறந்த அன்று அவருடைய பிரஷர் 300/190. பிரஷரை இறக்கினால் ஆபத்து என்ற வாதத்துக்கு முடிவு கட்டியது 1967-ல் அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் எட்வர்ட் ஃப்ரைஸ் குழு வெளியிட்ட ஆய்வு. கீழ் அளவு 115 முதல் 129 வரை இருந்த 143 ஆண்கள். 73 பேருக்கு மருந்து, 70 பேருக்கு வெறும் மாத்திரை. வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 27 பேருக்குக் கடும் பாதிப்பு வந்தது, மருந்து சாப்பிட்டவர்களில் இரண்டே பேருக்கு. ஆய்வைப் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. அந்த மூன்று மருந்துகளில் ஒன்றான ரிசர்பின், நம் நாட்டு சர்ப்பகந்தா வேரிலிருந்து எடுத்தது. அந்த வேர் பிரஷரைக் குறைக்கும் என்பதை 1949-ல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதி உலகத்தின் கவனத்துக்குக் கொண்டுபோனவர் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல். இங்கிலீஷ் மாத்திரை என்று ஒதுக்குபவர்கள் இதையும் தெரிந்துவைத்துக்கொள்ளலாம்.

“ஒரு தடவை ஆரம்பிச்சா நிறுத்தவே முடியாதாமே” என்பது நம் ஊரில் தினமும் கேட்கும் ஆட்சேபம். பழக்கத்துக்கு அடிமையாக்குவதால் அல்ல, பிரஷர் தொடர்ந்து இருப்பதால்தான் மாத்திரையும் தொடர வேண்டியிருக்கிறது. எடையும் உப்பும் குறைந்து, நடையும் கூடினால் சிலருக்கு டாக்டர் அளவைக் குறைப்பார், சிலருக்கு நிறுத்தியும் பார்ப்பார். தாமாக நிறுத்துபவர்கள் பலர் 'நார்மல்' என்று டாக்டர் சொன்ன மறுவாரம்தான் நிறுத்துகிறார்கள். அந்த நார்மல் மாத்திரையால் வந்தது என்று நிதானமாகச் சொல்வதற்கு ஓர் ஆள் வேண்டும். உப்பு விஷயத்தில் ஒரு நல்ல சேதி உண்டு. சீனாவின் 600 கிராமங்களில், சாதாரண உப்பில் கால் பங்குக்குப் பொட்டாசியம் உப்பைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்ததில் பக்கவாதம் 14 விழுக்காடு குறைந்தது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அது ஆகாது. கடையில் வாங்கும் முன் கேட்க வேண்டியது மறுபடியும் நம் உடம்பின் கதை தெரிந்த டாக்டரைத்தான்.

பிரஷர் பார்ப்பதும் லேசான காரியம் அல்ல. மாடிப்படி ஏறி வந்த மூச்சோடு, சட்டைக் கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றி, பேசிக்கொண்டே பார்த்தால் எண் கூடத்தான் காட்டும். அதற்கு முந்தைய அரை மணி நேரம் காபியோ சிகரெட்டோ கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, கால்மேல் கால் போடாமல் பாதங்களைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து, வெறுங்கையை நெஞ்சு மட்டத்துக்கு மேஜைமேல் வைத்து, வாய் பேசாமல் இருந்து பார்க்க வேண்டும். ஒரு நிமிடம் விட்டு இன்னொரு முறையும் பார்க்க வேண்டும். ஒரு நாள் 150 காட்டியது என்பதற்காக மாத்திரை எழுதுவதும் தப்பு, டாக்டரைக் கண்ட பதற்றம் என்று மூன்று வருடம் தட்டிக்கழிப்பதும் தப்பு. எது எது என்று பிரித்துச் சொல்ல முந்தைய எண்கள் வேண்டும். ஆளுக்கு ஆள் மாறி மாறிப் போனால் அவை யாரிடமும் இருக்காது.

ஒரே டாக்டரிடம் போவது பழங்கால ஆசை, ஸ்பெஷலிஸ்ட் காலத்துக்குப் பொருந்தாது என்பார்கள். நார்வேயில் ஏறக்குறைய 45 லட்சம் பேரின் பதிவுகளை அலசி 2022-ல் வெளியான ஆய்வு, 15 வருடத்துக்கு மேல் ஒரே குடும்ப மருத்துவரிடம் இருந்தவர்களுக்கு, ஒரு வருடமே இருந்தவர்களைவிட இறப்பு வாய்ப்பு 25 விழுக்காடு குறைவு என்று கண்டது. நிலையான வேலையும் வீடும் உள்ளவர்கள்தான் டாக்டரையும் மாற்றாமல் இருப்பார்கள், அதனால் வந்த பலனாக இருக்கலாமே என்ற சந்தேகம் சரியானதே. ஆனால் தொடர்ந்த வருடங்கள் கூடக்கூடப் பலனும் படிப்படியாகக் கூடியிருக்கிறது. வசதியை மட்டும் காரணமாகக் காட்டி அதை முழுவதும் விளக்கிவிட முடியுமா என்று தெரியவில்லை.

இந்தியாவில் 18 கோடிக்கு மேற்பட்ட பெரியவர்களுக்கு ரத்தக்கொதிப்பு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2023-ல் கணக்கிட்டது. அவர்களில் நூற்றுக்கு 37 பேருக்குத்தான் அது தெரியும். 30 பேர் மருந்து எடுக்கிறார்கள். கட்டுக்குள் இருப்பது 15 பேருக்கு. முகாமும் பேக்கேஜும் முதல் எண்ணை உயர்த்தலாம், கடைசி எண்ணை உயர்த்தாது. 2021 ஆகஸ்ட்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' அந்தக் கடைசி எண்ணைக் குறிவைக்கும் திட்டம். தன்னார்வலர் அக்கா மாத்திரையோடு வீட்டுக்கே வருகிறார். இதை எத்தனை வீட்டுக்கு மாத்திரை போனது என்பதை வைத்து எடைபோடாமல், எத்தனை பேருக்கு 140/90-க்குக் கீழ் இறங்கியது என்பதை வைத்து எடைபோட வேண்டும். தனியார் கிளினிக்கில் நிலைமை வேறு. இருமலுக்கு வந்தவருக்குப் பிரஷர் பார்க்கும் டாக்டருக்கு அதற்கென்று கூடுதல் காசு கிடையாது, கூடத்தில் இருபது பேர் காத்திருக்கிறார்கள். ஆகவே பாதி வேலையை நோயாளியே எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது: தெருமுனை எம்.பி.பி.எஸ். டாக்டர்களில் ஒருவரை முடிவு செய்து, ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதியும் எண்ணும் மாத்திரைப் பெயரும் எழுதி, காய்ச்சலுக்குப் போனாலும் அதை மேஜைமேல் விரித்துவைக்க வேண்டும்.