மார்பு வெளிவாய் நோய்த்தொகையில் இயன்முறை மற்றும் தொழில்வழி சிகிச்சை

மார்பு வெளிவாய் நோய்த்தொகை என்பது, கழுத்திலிருந்து கைக்குச் செல்லும் நரம்புகளோ இரத்தக் குழாய்களோ காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் அருகிலுள்ள குறுகிய வழியில் நெருக்கப்படுவதால் உண்டாகும் பாதிப்புகளின் பொதுப்பெயர் ஆகும். மருத்துவமனைகளில் இது தொராசிக் அவுட்லெட் சிண்ட்ரோம் என்றே வழங்குகிறது. இப்பெயர் 1956இல் மருத்துவ இலக்கியத்தில் இடம்பெற்றது.

நெருக்கம் மூன்று இடங்களில் நேரலாம்: கழுத்தின் பக்கவாட்டிலுள்ள ஸ்கலீன் தசைகளின் இடைவெளி, காறை எலும்புக்கும் முதல் விலாவுக்கும் நடுவிலுள்ள இடம், சிறு மார்புத்தசையின் அடிப்பகுதி. சிலருக்குப் பிறவியிலேயே உள்ள கழுத்து விலா எலும்பும் காரணமாகலாம். நோயாளிகளில் மிகப் பெரும்பான்மையோருக்கு நரம்பு வகையே காணப்படும். சிரை வகை குறைவு. தமனி வகை மிக அரிது.

அரிதானவை என்றாலும் சிகிச்சையாளர் முதலில் தேட வேண்டியவை இவ்விரண்டுமே. கை திடீரென வீங்கி நீலம் பாய்ந்தால் சிரையில் இரத்தம் உறைந்திருக்கலாம். விரல்கள் வெளிறிக் குளிர்ந்தால் தமனி பாதிக்கப்பட்டிருக்கலாம். இத்தகையவருக்கு உடற்பயிற்சி தொடங்காமல் உடனே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

சோதித்தல்

நரம்பு வகையை ஒரே சோதனையால் உறுதிசெய்ய இயலாது. 1927இல் விவரிக்கப்பட்ட ஆட்சன் சோதனையில், நோயாளி மூச்சை இழுத்துப் பிடித்துத் தலையைப் பாதிக்கப்பட்ட பக்கம் திருப்பும்போது மணிக்கட்டு நாடி மங்குகிறதா என்று பார்ப்பர். நலமாக உள்ள பலருக்கும் நாடி இவ்வாறு மங்குவதுண்டு. எனவே நாடியைவிட, நோயாளிக்கு வழக்கமாக வரும் வலியும் மரத்துப்போதலும் திரும்ப வருகின்றனவா என்பதே கவனிக்கத்தக்கது. ரூஸ் சோதனையில் இரு கைகளையும் தோள் மட்டத்திற்கு உயர்த்தி, முழங்கையை மடக்கி, விரல்களை மூன்று நிமிடம் விரித்து மூட வேண்டும். இதுவும் தனித்துத் தீர்ப்புச் சொல்வதில்லை.

மரத்துப்போகும் இடத்தைக் கேட்டறிவது பெரிதும் உதவும். முழங்கையில் அல்நார் நரம்பு நெருக்கப்பட்டால் சுண்டுவிரலும் கையின் அப்பக்கமும் மரத்துப்போகும், முன்கை தப்பிவிடும். முன்கையின் உட்புறமும் மரத்தால் கோளாறு அதற்கு மேலே, நரம்புப் பின்னலிலோ கழுத்து நரம்பு வேரிலோ இருக்கலாம். கழுத்தை அசைத்துப் பார்ப்பது இவ்விரண்டையும் பிரித்தறிய உதவும். நெடுநாள் நெருக்கத்தில் கட்டைவிரல் மேட்டுத் தசை மெலியும். இதைக் கார்ப்பல் டனல் பாதிப்பு என்று கருதி மணிக்கட்டில் அறுவை செய்தால் பயன் இராது.

சிகிச்சை

நரம்பு வகைக்குப் பெரும்பாலும் சில மாதங்கள் அறுவையில்லாச் சிகிச்சையே முதலில் அளிக்கப்படுகிறது. வயிற்றால் மூச்சுவிடப் பழக்குவது ஸ்கலீன் தசைகளின் வேலையைக் குறைக்கும். இறுகிய சிறு மார்புத்தசை மெல்லத் தளர்த்தப்படும். பிறகு தோட்பட்டையைத் தாங்கும் தசைகள் படிப்படியாக வலுவூட்டப்படும்.

நல்லெண்ணத்தால் நேரும் தவறு ஒன்று உண்டு. "நெஞ்சை நிமிர்த்தித் தோளைப் பின்னுக்கும் கீழுக்கும் இழுங்கள்" என்று எல்லோருக்கும் சொல்லிவிடுவார்கள். காறை எலும்புக்கும் விலாவுக்கும் இடையிலான வழியைக் குறுக்குவது இதே நிலைதான். வலியைத் தூண்டிப் பார்க்கும் சோதனை ஒன்றும் இந்நிலையிலேயே செய்யப்படுகிறது. தோள் தொங்கியவருக்கு முன்கையின் கீழ் தாங்கல் கொடுத்துத் தோளைச் சற்று உயர்த்தினால் வலி தணிகிறதா என்று பார்ப்பது மேல்.

நரம்பு நழுவல் பயிற்சியை இழுத்துப் பிடிக்காமல், வலி தோன்றுமுன் நிறுத்திச் செய்ய வேண்டும். பயிற்சி முடிந்தும் மரத்துப்போதல் நீடித்தால் அளவு மிகுந்துவிட்டது என்று பொருள்.

தொழில்வழி சிகிச்சையாளர் நாள் முழுதும் கை என்ன செய்கிறது என்று பார்க்கிறார். கரும்பலகையில் எழுதுதல், உயரக் கொடியில் துணி உலர்த்துதல், தலை வாருதல், ஒரே தோளில் கனத்த பை ஆகியவை அறிகுறியைத் தூண்டலாம். கொடியைத் தாழ்த்துவது, விசைப்பலகை முன் முன்கைக்குத் தாங்கல் வைப்பது, கையைத் தலைக்கு மேல் வைத்து உறங்காமலிருப்பது போன்ற மாற்றங்களால் பலர் வேலையை விடாமல் தொடர முடிகிறது.

இவற்றால் பயன் கிட்டாதபோதும், தசை மெலிவு கூடும்போதும் முதல் விலாவையோ ஸ்கலீன் தசையையோ அகற்றும் அறுவை பரிசீலிக்கப்படுகிறது. அறுவைக்குப் பின்னும் தோள் அசைவை மீட்க இயன்முறை சிகிச்சை தேவைப்படும்.