கைவட்ட ரம்பம்: செம்மையும் பாதுகாப்பும்

2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கப்பெற்ற பிரதமரின் விஸ்வகர்மா திட்டம் 18 மரபுத் தொழில்களைத் தழுவியது. தச்சுத் தொழில் அவற்றுள் ஒன்று. கருவிகள் வாங்க ரூ. 15,000 வரை உதவியும், பயிற்சிக் காலத்தில் நாளொன்றுக்கு ரூ. 500 உதவித் தொகையும் அதில் இடம் பெற்றன. உளியும் கைரம்பமும் பழகிய தச்சர் மின்கருவிகளை நாடும் இக்கட்டத்தில், கையில் பிடித்து இயக்கும் வட்ட ரம்பத்தின் இயல்பை அறிதல் அவசியமாகிறது. இக்கருவியில், வெட்டைக் கோணலாக்கும் காரணங்களே பெரும்பாலும் விபத்துக்கும் காரணங்களாக அமைகின்றன.

விபத்துகளுள் கொடியது பின்னுதைப்பு. அறுபடும் மரத்தின் இரு பக்கங்களும் நெருங்கிப் பிளேடை இறுக்கினால், சுழலும் பற்கள் கருவியையே மேலே தூக்கி, இயக்குபவரை நோக்கி எறிகின்றன. பலகையை இரு முனைகளில் மட்டும் தாங்கி நடுவில் அறுப்பதால் இது நேரிடுகிறது. அறுக்க அறுக்க நடுப்பகுதி தொய்ந்து வெட்டு மூடிக் கொள்கிறது. ஆகவே வெட்டுக் கோட்டின் இருமருங்கிலும் தாங்கல் வேண்டும். 8 அடிக்கு 4 அடி ஒட்டுப்பலகையைத் தரையில் நான்கைந்து சட்டங்களின் மேல் கிடத்தி அறுப்பது செலவற்ற முறை. கோட்டை விட்டு விலகிய ரம்பத்தை ஓட்டத்திலேயே திருகித் திருத்த முயல்வதும் பின்னுதைப்பில் முடியும். விசையை விட்டு, பிளேடு முற்றிலும் நின்றபின் எடுத்து, மீண்டும் தொடங்க வேண்டும்.

நேராக அறுப்பதற்குக் கைப்பழக்கத்தை விட நேர்ச்சட்டமே நம்பத் தக்கது. ரம்பத்தின் அடித்தகட்டு விளிம்பிலிருந்து பிளேடின் பல் வரையுள்ள தொலைவை அளந்து, வெட்டுக் கோட்டிலிருந்து அதே தொலைவில் சட்டத்தை இறுக்கிப் பொருத்தி, அதனை ஒட்டி ரம்பத்தைச் செலுத்தலாம். பிளேடு ஏறத்தாழ 2 மி.மீ. மரத்தைத் தூளாக்குவதால், கோட்டின் கழிவுப் பக்கத்தில் வெட்டு விழ வேண்டும். பற்கள் கீழிருந்து மேல்நோக்கி அறுப்பதால் மேற்பரப்பே சிலும்பும். பலகையின் நல்ல முகம் கீழே இருப்பது நன்று. பிளேடு பலகைக்கு அடியில் 5 மி.மீ. நீண்டிருந்தால் போதும். கண்ணாடி அணிதலும், பிளேடு மாற்றுமுன் மின்இணைப்பைக் கழற்றுதலும் சொல்லாமலே விளங்கும்.

நம் பணியிடங்களில், சலவைக்கல் வெட்டும் 4 அங்குலக் கருவியில் மரம் அறுக்கும் பிளேடைப் பொருத்திக் கொள்ளும் வழக்கம் பரவலாக உள்ளது. விலைக் குறைவே காரணம். அக்கருவி நிமிடத்திற்கு ஏறத்தாழ 12,000 சுற்றுகள் சுழல்வது. 7 அங்குல மர ரம்பமோ 5,000 சுற்றுகளை ஒட்டியது. மர ரம்பத்தில் வெட்டு முடிந்ததும் தானே மூடிக் கொள்ளும் கீழ்க்காப்பும் கல் வெட்டும் கருவியில் இல்லை. நாட்கூலித் தச்சர்களுள் பெரும்பாலோர் அமைப்புசாராத் துறையினர். விரலை இழந்தவருக்கு வருவாயும் அன்றே நின்றுவிடுகிறது. கருவி விலையில் மிச்சம் பிடித்த சில ஆயிரம் ரூபாய் சிகிச்சைக்கே காணாது.

கீழ்க்காப்பு உள்ள ரம்பத்திலும், வேலைக்கு இடைஞ்சல் என்று அதைக் கம்பியால் கட்டிவைப்போர் உண்டு. பயிற்சி நிலையங்களைப் பார்வையிடும் அலுவலர்கள், வழங்கப்பட்ட கருவிகளை எண்ணுகையில் இக்கம்பியையும் தேடிப் பார்க்கலாம்.