மாண்ட்வா துறையில் ஒரு மதியச் சாப்பாடு

மும்பை பாவுச்சா தக்காவிலிருந்து 2020-இல் தொடங்கிய ரோ-ரோ கப்பலில் ஏறினால், சுமார் ஒரு மணி நேரத்தில் மாண்ட்வா. துறையை ஒட்டித் தகரக் கூரை வேய்ந்த சிறு கடை, ஆறே மேஜைகள். அரிசி பாக்ரி, ரவையில் புரட்டிப் பொரித்த பொம்பில் மீன், தேங்காய்ப்பாலும் கோகமும் கலந்த சோல்கடி. (நம் ரசத்துக்கு அது தம்பி என்றேன், என் மனைவி ஒப்பவில்லை.)

ரயில்வேயில் இருந்தவரை நான் எந்நேரம் வீடு திரும்பினாலும் எனக்குப் பரிமாறிவிட்டுத்தான் அவள் சாப்பிடுவாள். அன்று முதல் தட்டு அவள் முன் வந்தது. கை வைக்காமல் என்னையே பார்த்தாள்.

"ஆறிடும், சாப்பிடு" என்றேன்.

என் தட்டு வரக் கால் மணி ஆயிற்று. அதற்குள் மீனில் பாதியை எனக்கென்று ஒதுக்கியிருந்தாள்.

கப்பலுக்கு நேரமாகிறதே என்றேன். இன்னொரு சோல்கடி சொல்லச் சொன்னாள்.