வகுப்பறைக்குள் சாதி நுழையும் வழிகள்

மாணவரோடு நெருங்கிப் பழகுவதே நல்லாசிரியருக்கு அழகு என்று பயிற்சிக் காலத்தில் நாம் கற்றோம். யாரோடு நெருங்குகிறோம், யாரை எட்ட நிறுத்துகிறோம் என்ற கேள்வியை அங்கு எவரும் எழுப்பவில்லை. தருமபுரி மாவட்டத்தில் பணியாற்றும் ஆசிரியர் அக்கேள்வியைத் தவிர்க்க இயலாது. 2012 நவம்பர் 7 அன்று, சாதி மறுப்புத் திருமணம் ஒன்றைக் காரணம் காட்டி நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகள் தாக்கித் தீக்கிரையாக்கப்பட்ட மாவட்டம் இது. ஊரைப் பிளக்கும் அந்த வன்மம் பள்ளி வாயிலோடு நின்றுவிடுவதில்லை.

நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் தலித் மாணவர் ஒருவரை உடன் பயின்ற மாணவர்களே வீடு புகுந்து வெட்டினர். அதன்பின் அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான ஒரு நபர் குழு, 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. மாணவர்களை அகர வரிசையில் அமர்த்த வேண்டும், வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இடம்பெறக் கூடாது என்பன அதன் பரிந்துரைகளுள் சில. சிறியனவாகத் தோன்றும் இவை ஆசிரியரின் அன்றாடப் பழக்கங்களைக் கேள்விக்கு உட்படுத்துகின்றன.

அப்பழக்கங்களை நாமே எண்ணிப் பார்க்கலாம். பெயர் தெரிந்தும் 'காலனிப் பிள்ளைகள்' என்று சேர்த்து அழைக்கிறோம். அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்னும் சொல் நீக்கப்படும் என 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நம் நாவிலிருந்து அதை நீக்க அரசாணை தேவையில்லை. கரும்பலகையில் எழுத ஒருவரை அழைக்கிறோம். துடைப்பம் எடுக்க வேறொருவரை அழைக்கிறோம். பெற்றோர் பெங்களூருக்கோ திருப்பூருக்கோ பிழைக்கச் சென்றிருக்க, பாட்டியிடம் வளரும் பிள்ளை வீட்டுப்பாடம் எழுதாமல் வந்தால், காரணம் கேளாமலேயே சோம்பேறி என்கிறோம்.

இவற்றை மாற்றும் வழிகள் எளியவை. வாரந்தோறும் இருக்கைகளை மாற்றலாம். தூய்மைப் பணிகளுக்கு எல்லோர் பெயரும் சுழற்சியில் வரும் பட்டியலைச் சுவரில் ஒட்டலாம். கழிப்பறை தூய்மையை எந்தப் பிள்ளையிடமும் ஒப்படைக்கக் கூடாது. எந்த மாணவரிடம் இந்த வாரம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்று குறித்து வைத்தால், நம் கண் எவரைத் தாண்டிச் செல்கிறது என்பது நமக்கே புலப்படும்.

எனினும் ஆசிரியரின் மனமாற்றத்தை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும் என்பதும், நலிந்த பிரிவினரின் பெற்றோருக்கு உரிய விகிதத்தில் இடம் வேண்டும் என்பதும் அச்சட்டத்தின் கட்டளை. அக்குழுவில் தலித் பெற்றோர் அமர்ந்து, 'எங்கள் பிள்ளை எங்கே அமர்கிறது? பள்ளியைப் பெருக்குவது யார்?' என்று கேட்கட்டும். அவர்கள் அருகில் செயற்பாட்டாளர்களும், நாளை ஆசிரியராகவிருக்கும் கல்லூரி மாணவர்களும் நிற்க வேண்டும். அக்கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்ல முடியும் நாளில்தான், மாணவரோடு நெருங்கிவிட்டோம் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.