தனியாக எழுதுவோருக்குத் துணை எங்கே? காவிரிக் கரை காட்டும் வழி

நம் வீடுகளில் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகள் உறங்கிய பிறகு கைப்பேசியிலேயே நாவல் எழுதும் தாய்மார்கள், வளைகுடாவில் வேலை முடிந்து அறைக்கு வந்து கதை எழுதும் இளைஞர்கள், ஊர் வரலாற்றைத் தொகுத்து வைத்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் என்று நாகூர், கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம், ராஜகிரி, அய்யம்பேட்டை என எந்த ஊரை எடுத்தாலும் ஓரிருவர் நினைவுக்கு வருவார்கள். இவர்களில் பலருக்குப் பதிப்பகம் கிடையாது. கிண்டிலிலோ பிரதிலிபியிலோ தாங்களே வெளியிடுகிறார்கள். அல்லது கைக்காசைப் போட்டு சில நூறு பிரதிகள் அச்சடிக்கிறார்கள்.

முதல் புத்தகம் எப்படியோ வந்துவிடும். சொந்தபந்தம் வாங்கும், ஊர்க்காரர்கள் வாழ்த்துவார்கள். சிரமம் இரண்டாவது புத்தகத்தில்தான் தொடங்குகிறது. மூன்றாம் அத்தியாயம் இழுக்கிறதா என்று யாரிடம் கேட்பது? வீட்டில் கேட்டால் "நல்லா இருக்கு" என்பார்கள். பதிப்பாசிரியர் இல்லை, பிழை திருத்துபவர் இல்லை, இதே வகையில் எழுதும் இன்னொருவரின் முகம்கூடத் தெரியாது. பல பேனாக்கள் இந்த இடத்தில்தான் மூடப்படுகின்றன. மூடப்பட்டால் இழப்பு அந்த ஒருவருக்கு மட்டும் இல்லை. நம் வீட்டு உம்மாவும் லாத்தாவும் பேசும் பேச்சு, நம் ஊர்க் கல்யாணம், கபுறுஸ்தான், கப்பல் பயணம் எல்லாம் எழுதப்படாமலே போகும். அல்லது நம்மை அறியாதவர்கள் எழுதியது மட்டும் மிஞ்சும்.

இதற்குத் தீர்வு, ஒரே வகையில் எழுதும் தனி எழுத்தாளர்கள் ஒருவரையொருவர் கண்டுகொள்வது. இது புதிய யோசனை அல்ல. நம் டெல்டா மண்ணில் இதற்கு நல்ல முன்மாதிரிகள் உண்டு.

சிறப்புப்பாயிரம் சொல்லும் செய்தி

இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தில் கிஸ்ஸா, மசலா, நாமா, முனாஜாத்து, படைப்போர் என்று தனி வகைகள் உருவாயின. 1572இல் வண்ணப்பரிமளப் புலவரின் ஆயிரம் மசலா மதுரையில் அரங்கேறியது. கேள்வியும் பதிலுமாக அமையும் அந்த வடிவத்தைப் பின்னால் வந்தவர்களும் கையாண்டார்கள். ஒருவர் திறந்த வழியில் மற்றவர் நடந்ததால்தான் அது ஒரு வகையாக நிலைத்தது.

அரங்கேற்றம் என்பது அறிந்தோர் கூடிய சபையில் நூலைப் படித்து, எழும் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் முறை. சிறப்புப்பாயிரம் என்பது உடன் எழுதும் புலவர்கள் அந்த நூலுக்குப் பாடித் தரும் சான்று. இன்றைய மொழியில் சொன்னால் முன்னது வெளியீட்டுக்கு முந்திய வாசிப்பு, பின்னது பரிந்துரை. இரண்டுமே சக எழுத்தாளர்கள் இல்லாமல் நடக்காதவை. ஆக, தனியாக உட்கார்ந்து எழுதினாலும் கூட்டாகச் சரிபார்ப்பதே நம் மரபு.

நாகூரிலிருந்து ஒரு சங்கிலி

நாகூர் குலாம் காதிர் நாவலர் (1833–1908) மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தமிழ் படித்தவர். அதே ஆசானிடம் படித்த இன்னொருவர் உ.வே. சாமிநாதையர். நாவலர் நாகூர்ப் புராணம் பாடியதோடு நிற்கவில்லை. ஆங்கில நாவலாசிரியர் ரெயினால்ட்ஸின் கதையை உமறு பாஷா யுத்த சரித்திரம் என்று தமிழுக்குக் கொண்டுவந்தார். பினாங்கில் வித்தியா விசாரிணி என்ற இதழையும் நடத்தினார். 1901இல் மதுரையில் பாண்டித்துரைத் தேவர் தமிழ்ச் சங்கத்தை நிறுவியபோது அதன் புலவர்களில் ஒருவராக இருந்தார்.

அதே நாகூரில் 1917இல் பிறந்தவர் சித்தி ஜுனைதா பேகம். பள்ளிப் படிப்பு மூன்றாம் வகுப்போடு முடிந்தது. இளம் வயதிலேயே கணவரை இழந்தார். 1938இல் அவர் எழுதிய 'காதலா கடமையா' என்ற நாவல் வெளிவந்தது. தமிழில் நாவல் எழுதிய முதல் முஸ்லிம் பெண் என்று அவரைக் குறிப்பிடுகிறார்கள். அந்த நாவலுக்கு முன்னுரை தந்தவர், குலாம் காதிர் நாவலரின் ஒருசாலை மாணாக்கரான அதே உ.வே. சாமிநாதையர்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முஸ்லிம் பெண் நாவல் எழுதுவதே அரிதாக இருந்த காலத்தில், மூத்த அறிஞர் ஒருவர் எழுதித் தந்த சில பக்கங்கள் அந்தப் புத்தகத்துக்கு எவ்வளவு பெரிய துணையாக இருந்திருக்கும்! அதற்குப் பிறகும் அவர் நாவல்களும் கட்டுரைகளும் எழுதினார். 1998இல் காலமானார். பிற்காலத்தில் அதே குடும்பத்திலிருந்து நாகூர் ரூமி எழுத்தாளராக வந்தார். ஒரு வீட்டில் ஒருவர் எழுத்தை மதித்தால் அடுத்த தலைமுறைக்கு வழி திறக்கிறது.

நாச்சியார்கோயில், கும்பகோணம், தஞ்சை

கும்பகோணம் பக்கத்துக் கீழ்மாந்தூரில் 1885இல் பிறந்த பா. தாவூத் ஷா, நாச்சியார்கோயிலில் படித்து வளர்ந்தவர். அரசுப் பதவியை உதறிவிட்டு எழுத்தையும் இதழையும் வாழ்க்கையாக்கிக் கொண்டவர். அவருடைய தாருல் இஸ்லாம் பல பத்தாண்டுகள் வெளிவந்தது. அவர் கருத்துகளோடு உடன்பட்டவர்களும் மாறுபட்டவர்களும் நம் சமுதாயத்தில் இருந்தார்கள். ஆனால் நல்ல தமிழில் எழுத விரும்பிய முஸ்லிம்களுக்கு ஒரு மேடை இருக்க வேண்டும் என்பதை அவர் செய்து காட்டினார் என்பதில் ஐயமில்லை.

1940களின் தொடக்கத்தில் கும்பகோணத்தில் வாழ்ந்த கு.ப. ராஜகோபாலனைச் சுற்றி தி. ஜானகிராமன், எம்.வி. வெங்கட்ராம், கரிச்சான் குஞ்சு போன்ற இளைஞர்கள் கூடினார்கள். எல்லோருக்கும் பொதுவானது சிறுகதை. ஒருவர் எழுதியதை மற்றவர் படித்தார், பேசினார், விவாதித்தார். எனினும் நால்வரும் நான்கு விதமாகவே எழுதினார்கள். கூடிப் பேசினால் தன் நடை போய்விடும் என்று அஞ்சுகிறவர்களுக்கு இது நல்ல பதில்.

இவர்களில் எம்.வி. வெங்கட்ராம் பட்டு, சரிகை வணிகம் செய்தவர். 1948இல் தேனீ என்ற இலக்கிய இதழைச் சொந்தப் பணத்தில் தொடங்கினார். இதழ் நீடிக்கவில்லை, பெரும் நட்டம் அவர் தலையில் விழுந்தது. நட்பும் திறமையும் இருந்தாலும் செலவு ஒருவர் தோளில் மட்டும் ஏறினால் என்ன ஆகும் என்பதற்கு இது பாடம்.

பின்னர் தஞ்சாவூரில் தஞ்சை ப்ரகாஷ் (1943–2000) இருந்தார். நாவலாசிரியரான அவர் 'கதைசொல்லிகள்' போன்ற பெயர்களில் கூட்டங்கள் நடத்தி இளம் எழுத்தாளர்களை ஒன்றுசேர்த்தார். கட்டடமும் பதவியும் இல்லாமலே இதெல்லாம் நடந்தது. நம் சமுதாய அளவில், 1973இல் திருச்சியில் கூடிய இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாடு, ஆங்காங்கே தனித்தனியாக உழைத்தவர்களை ஒரே இடத்தில் சேர்த்தது.

ஏன் ஒரே வகை?

எழுதுகிற எல்லோரும் ஒன்றுசேரலாமே, ஏன் ஒரே வகை என்று கேட்கலாம். ஒவ்வொரு வகைக்கும் வாசகரோடு ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. துப்பறியும் கதையில் எந்த உண்மையை எப்போது வெளியிடுவது என்பது முக்கியம். சிறுவர் கதையில் வாக்கியத்தின் நீளமும் சொற்களின் எளிமையும் முக்கியம். ஊர் வரலாறு என்றால் பத்திரமும் கல்வெட்டும் பெரியவர்கள் சொன்னதும் எங்கே பொருந்துகின்றன, எங்கே முரண்படுகின்றன என்று பார்க்கத் தெரிய வேண்டும். குடும்பத் தொடர்கதையில் அத்தியாயம் எங்கே நிற்கிறது என்பதில்தான் அடுத்த வாரத்து வாசகர் இருக்கிறார். கவிஞரிடம் துப்பறியும் கதையைக் கொடுத்தால் சொற்களைத் திருத்தித் தருவார், முடிச்சில் உள்ள ஓட்டையைப் பார்க்கமாட்டார்.

இன்னொரு காரணமும் உண்டு. ஒரே வகையில் எழுதுகிறவர்கள் போட்டியாளர்கள் என்று நினைக்கிறோம். நாம் ஓராண்டு எழுதியதை வாசகர் இரண்டு நாளில் முடித்துவிட்டு, இதே போல இன்னொன்று கிடைக்குமா என்று தேடுகிறார். அப்போது நம் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் சக எழுத்தாளர் ஒருவரின் நூல் இருந்தால் அவருக்கும் லாபம், வாசகருக்கும் லாபம். அவர் புத்தகத்தில் நம் பெயர் இருக்கும்போது நமக்கும் அதே லாபம்.

எப்படித் தொடங்குவது?

முதலில் படிக்க வேண்டும். நம் வகையில் தமிழில் இப்போது எழுதுகிறவர்களில் ஐந்து பேரின் புத்தகங்களைக் காசு கொடுத்து வாங்கிப் படிப்போம். பிடித்தவருக்கு, எது பிடித்தது என்று குறிப்பாகச் சொல்லி நான்கு வரி எழுதுவோம். முதல் கடிதத்திலேயே "என் நாவலைப் படித்துச் சொல்லுங்கள்" என்று கேட்க வேண்டாம். தனியாக எழுதும் இன்னொருவரும் நம்மைப் போலவே துணை தேடிக்கொண்டிருப்பார். புத்தகக் கண்காட்சிக்குப் போனால் அரங்கில் நிற்கும் எழுத்தாளரிடம் இரண்டு வார்த்தை பேசுவதும் நல்ல தொடக்கம்.

மூன்று நான்கு பேர் சேர்ந்தால் போதும். ஐந்தாறு பேருக்கு மேல் போனால் ஒருவருடைய பிரதியை ஒழுங்காகப் படிக்க நேரம் இருக்காது. கடைமடை வரை தண்ணீர் போக வேண்டுமானால் முறை வைத்துப் பாய்ச்ச வேண்டும் என்பது டெல்டாவில் எல்லோருக்கும் தெரியும். இங்கேயும் அதே முறைதான். இந்த மாதம் ஒருவர் பிரதி, அடுத்த மாதம் இன்னொருவர் பிரதி. தன் முறை வந்தவுடன் வாங்கிக்கொண்டு அடுத்தவர் முறையில் காணாமல் போகிறவருக்கு மென்மையாக நினைவூட்ட வேண்டும்.

நம்பி ஒப்படைக்கப்பட்ட பிரதி ஓர் அமானிதம். அதை வேறு யாருக்கும் அனுப்பக் கூடாது, அதிலுள்ள கருவை எடுத்துக் கதை பண்ணக் கூடாது. குறை சொல்லும்போது எழுத்தைப் பற்றிப் பேசுவோம், எழுதியவரைப் பற்றிப் பேச வேண்டாம். குறையை அவரிடமே சொல்வோம், பிறரிடம் சொன்னால் அது புறமாகிவிடும்.

அடுத்து வேலைப் பங்கீடு. ஒருவருக்குச் சந்திப்பிழை பார்க்கத் தெரியும், இன்னொருவருக்கு அட்டை வடிவமைக்கத் தெரியும், மற்றவருக்கு மின்னூல் கோப்பு செய்யத் தெரியும். காசு கொடுத்துச் செய்யும் பல வேலைகள் இப்படி உள்ளுக்குள்ளேயே முடியும். இந்தியாவில் ஐ.எஸ்.பி.என். எண்ணை அரசு இலவசமாகவே தருகிறது என்பது போன்ற செய்திகளும் இத்தகைய வட்டத்தில்தான் கைமாறும். கண்காட்சியில் தனியாக அரங்கு எடுக்க முடியாதவர்கள் வாடகையைப் பகிர்ந்து எடுக்கலாம். பணம் கலக்கும்போது கணக்கை எழுதிவைப்பது நட்புக்குப் பாதுகாப்பு. தேனீயின் கதையை மறக்க வேண்டாம்.

கவனிக்க வேண்டியவை

"நீ எனக்கு ஐந்து நட்சத்திரம் போடு, நான் உனக்குப் போடுகிறேன்" என்பது துணை இல்லை. அது வாசகரை ஏமாற்றுவது. நெருங்கிய நண்பர்களும் உறவினர்களும் மதிப்புரை போடுவதை அமேசான் விதிகளும் ஏற்பதில்லை. பாராட்டு மட்டுமே கிடைக்கும் வட்டத்தில் எழுத்து வளராது. எழுத்தாளர் சங்கம் என்ற பெயரில் பெரும் கட்டணம் கேட்டு விருதும் சான்றிதழும் தருகிறோம் என்பவர்களிடமும் எச்சரிக்கை வேண்டும்.

குடும்பங்களுக்கு

எழுதும் பெண்பிள்ளைகள் பலர் திருமணத்துக்குப் பிறகு நிறுத்திவிடுகிறார்கள். யாரும் தடுத்திருக்கமாட்டார்கள், கேட்கத்தான் ஆள் இருந்திருக்காது. பெண்கள் மட்டுமே உள்ள வட்டம் அமைத்தால், வீட்டிலிருந்தபடியே, புனைபெயரிலேயேகூட மாதம் ஒருமுறை தொலைபேசியில் கூடிப் பேச முடியும். அதற்கு வாரத்தில் இரண்டு மணி நேரம் அவருக்கு ஓய்வு கொடுத்து, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது கணவரும் மாமியாரும் செய்யக்கூடிய உதவி. மகன் எழுதுகிறான் என்றால் "இதனால் என்ன வருமானம்?" என்று கேட்பதற்கு முன் ஒரு பக்கத்தையாவது படித்துப் பார்க்கலாம்.

ஊர் ஜமாஅத்தும் நூலகமும் நினைத்தால் மாதம் ஒரு மாலை ஓர் அறையைத் திறந்துவிடலாம். ஒரு காரியம் தொடங்குமுன் மஷூரா செய்வது நம் வழக்கம். எழுத்துக்கும் அந்த மஷூரா வேண்டும். உங்கள் தெருவில் எழுதும் ஒருவரை உங்களுக்குத் தெரியுமானால், பக்கத்து ஊரில் அதே வகையில் எழுதும் இன்னொருவரின் பெயரை அவரிடம் இந்த வாரமே சொல்லுங்கள். இன்ஷா அல்லாஹ், ஒரு நல்ல வட்டம் அந்த ஒரு பெயரிலிருந்தே தொடங்கும்.