செவுளைத் தூக்கிப் பார்க்கும் கை

வடகொல்கத்தாவின் பழைய வீடுகளில் வாசலை ஒட்டி ‘ரொக்’ இருக்கும். நம் ஊர்த் திண்ணைதான். மாலையில் அங்கே கூடிப் பேசுவார்கள். காலையில் பையோடு மீன் சந்தைக்குப் போய், செவுளைத் தூக்கி, சிவப்பு மங்கவில்லையா என்று பார்த்து, விலை பேசி வாங்கினால்தான் வீட்டுப் பெரியவருக்குத் திருப்தி. குடியிருப்பது மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது, முழங்காலும் ஒத்துழைக்கவில்லை என்றால் திண்ணையும் சந்தையும் ஒரே நாளில் கைவிட்டுப் போகும். மீனை வீட்டுக்கே வரவழைக்கலாம். நல்ல மீனுக்கு இவரைக் கேட்க வேண்டும் என்றிருந்த மதிப்பு கூடவே வராது. முதுமையின் மனச்சோர்வை மனசுக்குள் மட்டும் தேடாமல், மாடிப்படியிலும் குளியலறையிலும் தேட வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

2017–18-ல் நாடு முழுவதும் நடந்த முதியோர் ஆய்வில், அறுபது கடந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குக் குளிப்பது, உடுத்துவது, கழிப்பறை போவது போன்றவற்றில் ஒன்றாவது சிரமமாக இருந்தது. கடைக்குப் போவது, சமைப்பது, பணம் பார்ப்பது என்று எடுத்துக்கொண்டால் கிட்டத்தட்டப் பாதிப் பேர். கடும் மனச்சோர்வின் அறிகுறிகள் 8.3 சதவீதத்தினரிடம் தெரிந்தன; மருத்துவர் கண்டு சொன்னதோ 0.8 சதவீதத்தினருக்கு. அறிகுறி உள்ளவர்களில் பத்தில் ஒன்பது பேர் யாரும் கவனிக்காமலே வாடுகிறார்கள் என்பது என்னை உறுத்துகிறது. அன்றாடக் காரியங்களில் தடுமாறுகிறவர்களிடம் மனச்சோர்வு அதிகம் என்று பல நாட்டு ஆய்வுகளும் சொல்கின்றன.

வயசானால் அப்படித்தான் என்பார்கள். வயசுதான் காரணமென்றால், அந்த வயதினரில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் ஏன் அந்த நிலையில் இல்லை? மனசு சோர்ந்ததால்தான் குளிக்காமல் கிடக்கிறார் என்பது வலுவான வாதம், உண்மையும்கூட. ஒன்று மற்றதை இழுத்துவிடுகிறது. மருந்தும் ஆலோசனையும் தேவைதான். ஆனால் முடிச்சை அவிழ்க்க இன்னொரு முனையும் இருக்கிறது. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் வகுத்த ஒரு திட்டத்தில், செவிலியர், அன்றாடக் காரியங்களைச் செய்யப் பழக்கும் சிகிச்சையாளர், வீட்டைச் சரிசெய்யும் தொழிலாளி மூவரும் முதியவர் வீட்டுக்குப் போனார்கள். 2016-ல் வந்த முடிவுகளில் பலருக்கு அன்றாடச் சிரமமும் குறைந்தது, மனச்சோர்வும் தணிந்தது. எல்லாவற்றையும் நாமே செய்துவிட்டால் போயிற்று என்று பிள்ளைகள் நினைப்பது பாசத்தால்தான். அதில் எஞ்சியிருக்கும் திறமையும் துருப்பிடிக்கிறது. தனித்து வாழும் முதியோருக்காகக் கொல்கத்தா போலீஸ் நடத்தும் ‘பிரணாம்’ திட்டம், ஆபத்துக்கு உதவும் நல்ல ஏற்பாடு. படியிறங்க முடியாத முதல் வாரத்துக்கு வேறு கை வேண்டும்: குளியலறைச் சுவரில் ஒரு கைப்பிடி, கழிப்பறையில் உயரமான இருக்கை, மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க ஒரு நாற்காலி.